வடக்கிலிருந்து வெம்ப்ளிக்கு: சேலஞ்ச் கப் வாரம்

ஆகஸ்ட் 7, 2023, திங்கள் – ஹடர்ஸ்ஃபீல்டு

வருகிற சனிக்கிழமை லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் ரக்பி லீக் சேலஞ்ச் கப் இறுதிப் போட்டி. லீ லெப்பர்ட்ஸும் ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸும் மோதுகின்றன. ஆட்டம் மட்டும் போதுமென்றால் லீட்ஸில் காலை ரயில் ஏறி, இரவே வீடு திரும்பிவிடலாம். ஆனால் அலுவலகத்தில் விடுப்பு மிச்சம் இருக்கிறது. இந்தக் கோப்பை பிறந்து வளர்ந்த ஊர்களையெல்லாம் ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கடைசியில் வெம்ப்ளி போவது என்று கிளம்பிவிட்டேன். அன்றன்றைக்குப் பார்த்ததை அன்றன்றைக்கே எழுதுவதாக உத்தேசம்.

கொழும்பிலும் கண்டியிலும் இருப்பவர்களுக்கு ரக்பி பழகிய ஆட்டம்தான். ஆனால் அங்கே ஆடுவது யூனியன், அணிக்கு 15 பேர். இது லீக், 13 பேர். இரண்டும் பிரிந்த இடம் ஹடர்ஸ்ஃபீல்டு.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால், பெரிய பெரிய கல்தூண்கள் தாங்கும் முகப்பு. இது ரயில் நிலையமா அரண்மனையா என்று திரும்பிப் பார்க்க வைக்கும். எதிரே சதுக்கத்தில், இந்த ஊரில் பிறந்த பிரதமர் ஹரால்டு வில்சன் சிலையாக நடந்துகொண்டிருக்கிறார். சதுக்கத்தின் ஓரத்தில் ஜார்ஜ் ஹோட்டல். 1895 ஆகஸ்ட் 29 அன்று வடக்கு இங்கிலாந்து கிளப்புகளின் ஆட்கள் இதற்குள் கூடி, லண்டன் ரக்பி சங்கத்தோடு உறவை முறித்துக்கொண்டு 'நார்தர்ன் யூனியன்' (இன்றைய லீக்கின் பழைய பெயர்) என்று தனிக்குடித்தனம் போனார்கள். ஹோட்டலை 2013-இலேயே மூடிவிட்டார்கள். அது இயங்கிய காலத்தில் கீழ்த்தளத்தில் ரக்பி லீக் வரலாற்றுக் கூடம் ஒன்று இருந்ததாம். இப்போது வெளியே நின்று பார்ப்பதோடு சரி.

சண்டை எதற்கு? கூலிக்கு. வடக்கே ரக்பி ஆடியவர்கள் நிலக்கரிச் சுரங்கத்திலும் நூற்பாலையிலும் உழைத்தவர்கள். சனிக்கிழமையும் வேலை உண்டு. ஆட்டத்துக்குப் போனால் அன்றைய சம்பளம் போச்சு. அந்த இழப்புக்கு நாளொன்றுக்கு 6 ஷில்லிங் தந்தால் போதும் என்பதுதான் கோரிக்கை. லண்டனில் சங்கத்தை நடத்திய கனவான்கள், காசு வாங்கிக்கொண்டு ஆடுவது கேவலம் என்று மறுத்துவிட்டார்கள். காசுக்குக் கவலையில்லாதவனுக்கு அப்படிச் சொல்வது சுலபம்.

பிரிந்து வந்தவர்களுக்குக் கூட்டத்தை இழுக்க வேண்டிய கட்டாயம். 1896-97 சீசனில் நாக்-அவுட் கோப்பை ஒன்றைத் தொடங்கினார்கள். தோற்றால் வெளியே. பிராட்ஃபோர்டில் ஃபட்டோரினி என்ற நகைக்கடையில் 60 பவுண்டு கொடுத்து வெள்ளிக் கோப்பை செய்தார்கள். சேலஞ்ச் கப் வயது 126.

ஆகஸ்ட் 8, செவ்வாய் – பேட்லி

முதல் கோப்பையை வென்ற ஊர் பேட்லி. சின்ன ஊர், லீட்ஸ்காரர்களிலேயே பலர் ரயில் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்திருப்பார்கள். 1897 ஏப்ரல் 24 அன்று லீட்ஸின் ஹெடிங்லி மைதானத்தில் செயின்ட் ஹெலன்ஸை 10-3 என்று வென்றார்கள். செயின்ட் ஹெலன்ஸ் ஆட்கள் அன்று ஆளுக்கொரு நிறத்தில் சட்டை போட்டு வந்து நின்றார்கள் என்பது இன்றும் சொல்லிச் சிரிக்கிற விஷயம். அடுத்த வருடமும் பேட்லிதான். 1901-இல் மறுபடியும். முதல் ஐந்து கோப்பைகளில் மூன்று. அதற்கப்புறம் இன்றுவரை ஒன்றுகூட இல்லை.

ஸ்டேஷனிலிருந்து ஏற்றமாகவே நடக்க வேண்டும். பழைய ஆலைக் கட்டடங்கள், கரிபடிந்த கல். கந்தல் கம்பளித் துணியைக் கிழித்து நூலாக்கி மறுபடி துணி நெய்யும் தொழில் 1813-இல் இங்கேதான் ஆரம்பித்தது. 'ஷாடி' என்பார்கள். படைகளுக்குச் சீருடை, கோட்டு என்று உலகம் முழுக்கப் போனது. அந்த ஆலைகளில் வேலை செய்ய 1950-60களில் குஜராத்திலிருந்து வந்தவர்களின் பேரப் பிள்ளைகள்தான் இன்று கடைவீதியின் பாதி. பள்ளிவாசல், ஜவுளிக்கடை, சமோசா, நடுவில் மீன்-சிப்ஸ். பிஸ்கட் தொழிற்சாலையும் உண்டு.

மைதானத்தின் பெயர் மவுன்ட் பிளசன்ட். சாய்ந்த மைதானம் என்று படித்திருந்தேன். நேரில் பார்த்தால்தான் எவ்வளவு சாய்வு என்று புரிகிறது. ஒரு மூலையில் நின்றுகொண்டு எதிர்மூலையைப் பார்த்தால் கோல்கம்பத்தின் அடி கண்ணுக்குத் தாழ்வாகத் தெரிகிறது. கீழ் மூலைக்கு உள்ளூரில் தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். வெளியூர் அணியை அந்த மூலைக்குள் தள்ளிவிட்டால் மேலேறி வருவது பெரும்பாடு. பாதி ஆட்டம் ஏறி, பாதி ஆட்டம் இறங்கி ஆடுவார்கள். இப்படியொரு மைதானத்தை வைத்துக்கொண்டு தொழில்முறை ஆட்டம் நடத்த அனுமதிப்பது இந்த ஆட்டத்தின் பெருந்தன்மை என்றுதான் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், இந்தச் சனிக்கிழமை பேட்லியும் வெம்ப்ளி போகிறது. முக்கியக் கோப்பைக்கு அல்ல. முதல் தட்டான சூப்பர் லீக்குக்கு வெளியே உள்ள கிளப்புகளுக்கென்று '1895 கப்' என்று ஒன்று உண்டு. பிரிந்த வருடத்தையே பெயராக வைத்திருக்கிறார்கள். அதன் இறுதியில் ஹாலிஃபாக்ஸோடு மோதல். சேலஞ்ச் கப் இறுதிகள் 1929-இலேயே வெம்ப்ளிக்குப் போய்விட்டன. முதல் கோப்பையை வென்ற பேட்லி அங்கே ஆடுவது இதுதான் முதல்முறை.

கடைத்தெருவில் ஜன்னல்களில் செர்ரி சிவப்பும் மங்கல் பழுப்பும் கலந்த கொடிகள். ஒரு பலசரக்குக் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கினேன். கல்லாவில் இருந்தவர் குஜராத்தி முஸ்லிம் பெரியவர். போட்டிக்குப் போகிறீர்களா என்று கேட்டேன். "நான் கிரிக்கெட் ஆள். என் பேரன் போகிறான்" என்றார். கல்லாவுக்குப் பின்னால் அலமாரியில், சோப்புக் கட்டிக்கும் பேட்டரிக்கும் இடையில், பேட்லி கொடி ஒன்று மடித்து வைத்திருந்தது. "அது விற்க இல்லை. பேரனுடையது. வீட்டில் வைத்தால் தங்கச்சி எடுத்துவிடுவாளாம்." கிரிக்கெட் ஆள் என்றாலும் கொடிக்குக் காவல் அவர்தான்.

ஆகஸ்ட் 9, புதன் – பிராட்ஃபோர்டு, வேக்ஃபீல்டு

காலையில் பிராட்ஃபோர்டு, ஒட்சல் மைதானம். பள்ளத்தில் குப்பை கொட்டி மேடாக்கி 1934-இல் திறந்த ஒரு பெரிய கிண்ணம். வீரர்களின் உடைமாற்றும் அறை மேட்டின் உச்சியில். அங்கிருந்து கூட்டத்துக்கு நடுவே படியிறங்கித்தான் களத்துக்கு வர வேண்டும்.

1954 இறுதியில் வாரிங்டனும் ஹாலிஃபாக்ஸும் வெம்ப்ளியில் 4-4 என்று முடித்துக்கொண்டன. மறு ஆட்டத்தை இங்கே வைத்தார்கள். மே 5, புதன்கிழமை மாலை. வேலை முடிந்து வருகிறவர்கள்தானே, எத்தனை பேர் வந்துவிடப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். டிக்கெட் கணக்குப்படி 1,02,569 பேர். வேலியேறி வந்தவர்கள் கணக்கில் இல்லை. வாரிங்டன் 8-4 என்று வென்றது. பின்வரிசையில் நின்றவர்களில் எத்தனை பேர் பந்தைக் கண்ணால் பார்த்தார்களோ தெரியாது. ஆனால் வடக்கில் எந்தத் தாத்தாவைக் கேட்டாலும் அன்றைக்கு ஒட்சலில் இருந்தேன் என்பார் என்று ஒரு கிண்டல் உண்டு.

மதியம் வேக்ஃபீல்டு. பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் இந்த ஊர் சுமக்கிற ஒரு கதையைச் சொல்லாமல் போக முடியாது. 1968 இறுதி, வெம்ப்ளியில் கொட்டித் தீர்த்த மழை. வீரர்கள் ஓடவில்லை, வழுக்கினார்கள். கடைசி நிமிடத்தில் லீட்ஸ் 11, வேக்ஃபீல்டு 7. வேக்ஃபீல்டின் கென் ஹர்ஸ்ட் கம்பங்களுக்கு நேர் கீழே ஒரு ட்ரை போட்டுவிட்டார், அதாவது கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதித்துவிட்டார். அந்தக் காலத்தில் ட்ரைக்கு 3 புள்ளி. 11-10. ட்ரைக்குப் பின் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் கன்வெர்ஷனுக்கு 2 புள்ளி. நேர் எதிரே கம்பம், கண்ணை மூடிக்கொண்டு உதைக்கலாம். உதைத்தால் கோப்பை. டான் ஃபாக்ஸ் பந்தை வைத்தார், நனைந்த புல்லில் கால் சறுக்கியது, பந்து வெளியே போனது. விசில். அன்றைய சிறந்த வீரருக்கான லான்ஸ் டாட் கோப்பைக்கு அவரைத்தான் ஏற்கெனவே தேர்ந்தெடுத்திருந்தார்கள். பக்கத்திலுள்ள சுரங்க ஊரான ஷார்ல்ஸ்டன்காரர். 2008-இல் இறந்தார். இரங்கல் செய்திகளிலும் அந்த உதைதான் முதல் வரி. எத்தனையோ வருடம் அருமையாக ஆடிய மனிதரை ஒரு சறுக்கலில் அடைத்து வைத்திருப்பது அநியாயம் என்று திட்டிக்கொண்டே நானும் அதையே எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 10, வியாழன் – லீ

மலைத்தொடரின் அந்தப் பக்கம், லங்காஷயர் பூமி. லீ ஊருக்கு ரயில் கிடையாது. 1969-இல் ஸ்டேஷனை மூடியதோடு சரி. மான்செஸ்டர் வரை ரயிலில் வந்து அங்கிருந்து பஸ். பழைய ரயில் பாதை போன தடத்தின் ஒரு பகுதியில், பஸ்ஸுக்கென்று கான்கிரீட் தண்டவாளம் மாதிரி ஒரு வழி போட்டிருக்கிறார்கள். பக்கவாட்டுச் சின்னச் சக்கரங்கள் வழிகாட்ட பஸ் தானாகத் திரும்புகிறது. ஓட்டுநர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார். கட்டணம் 2 பவுண்டு.

இறங்கியதும் கண்ணில் பட்டது சிறுத்தைப் புள்ளி. கசாப்புக் கடை ஜன்னலில், முடிவெட்டும் கடைக் கதவில், நாய்க்கு மாட்டிய சட்டையில், சர்ச்சுக்கு எதிரே நின்ற பாட்டியின் கைப்பையில். போன அக்டோபர் வரை இந்த அணி 'லீ செஞ்சுரியன்ஸ்'. உரிமையாளர் டெரக் போமாண்ட் ஒருநாள் திடீரென்று இனி 'லெப்பர்ட்ஸ்' என்று அறிவித்து, சிறுத்தைத்தோல் கோட்டோடு வலம் வர ஆரம்பித்தார். ரக்பி லீக் உலகமே கைகொட்டிச் சிரித்தது. சூப்பர் லீக்குக்கு ஏறுவதும் அதே வருடம் கீழே விழுவதும் இவர்களுக்கு வாடிக்கை: 2005, 2017, 2021. இந்த வருடமும் அப்படித்தான் என்றார்கள். ஜூலை 22 அரையிறுதியில் எதிரே செயின்ட் ஹெலன்ஸ், தொடர்ந்து நான்கு வருட சாம்பியன்; பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவுக்கே போய் பென்ரித்தையும் வென்று வந்த அணி. லீ 12-10. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

கூடவே வந்தவர் என் அலுவலகத் தோழர், லீயில் பிறந்தவர். லாபி சாப்பிடாமல் ஊரைப் பார்த்ததாகச் சொல்லக்கூடாது என்று ஒரு சிற்றுண்டிக் கடைக்குக் கூட்டிப் போனார். இறைச்சி, உருளைக்கிழங்கு, கேரட் எல்லாம் சேர்த்துக் குழையக் குழைய வேகவைத்த கூட்டு. கரண்டி நிற்கும் பதம். மேலே வினிகரில் ஊறிய சிவப்பு முட்டைக்கோஸ். நல்ல மிளகாய் ஒன்று கிள்ளிப் போட்டிருந்தால் எங்கேயோ போயிருக்கும். லீக்காரர்களை 'லாபி விழுங்கிகள்' என்று பக்கத்து விகன் ஊர்க்காரர்கள் கேலி செய்வார்களாம். விகன்காரர்களுக்குப் 'பை தின்னிகள்' என்று பட்டம். 1926 நிலக்கரி வேலைநிறுத்தத்தில் விகன் சுரங்கத் தொழிலாளர்கள் முதலில் பணிந்து வேலைக்குத் திரும்பினார்கள், அவமானத்தை விழுங்கினார்கள் என்று அந்தப் பட்டத்துக்கு லீயில் ஒரு விளக்கம். விகனில் வேறு விளக்கம் சொல்லக்கூடும். சுரங்கங்கள் போய்விட்டன, கடைசிக் காலம் வரை இருந்த பிக்கர்ஷாவும் 1992-இல் மூடப்பட்டது. பட்டங்கள் மட்டும் பத்திரம்.

லீ கோப்பையை வென்றது இரண்டு முறை: 1921, 1971. இரண்டாவது முறை அலெக்ஸ் மர்ஃபி பயிற்சியாளரும் ஆட்டக்காரருமாக இருந்து, பெரிய லீட்ஸை 24-7 என்று உருட்டியெடுத்தார். லீட்ஸின் சிட் ஹைன்ஸ் வெளியேற்றப்பட்டார். வெம்ப்ளி இறுதியில் வெளியேற்றப்பட்ட முதல் ஆள். அடிபட்டு ஸ்ட்ரெச்சரில் போன மர்ஃபி, போகும்போது கண்ணடித்தார் என்பது லீட்ஸ் தரப்பு. கண்ணடிக்கவே இல்லை என்பது லீ தரப்பு. எங்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த தோழரின் அப்பா அன்று வெம்ப்ளியில் இருந்தவர். கேட்டேன். "அடித்தாரா இல்லையா?" அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, எனக்கு ஒருமுறை கண்ணடித்துவிட்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்தார்.

ஆகஸ்ட் 11, வெள்ளி – ஹல், இரவு லண்டன்

லீட்ஸிலிருந்து ஹல்லுக்கு ரயில் ஹம்பர் ஆற்றையொட்டிப் போகிறது. தலைக்கு மேலே ஹம்பர் பாலம். அப்புறம் பக்கத்திலேயே கூட வரும் பெரிய சாலை. அதன் இந்தப் பகுதிக்குக் கிளைவ் சல்லிவன் வே என்று பெயர். வேல்ஸில் பிறந்த கறுப்பின ஆட்டக்காரர். 1972 உலகக் கோப்பையை வென்ற பிரிட்டன் அணிக்குக் கேப்டன். ஹல்லில் இரண்டு கிளப்புகள், பங்காளிப் பகை. ஊர் நடுவே ஓடும் ஹல் ஆற்றுக்கு மேற்கே ஹல் எஃப்.சி., மீன்பிடித் தொழிலாளர் பக்கம், கறுப்பு வெள்ளை. கிழக்கே கப்பல்துறைப் பக்கம் கிங்ஸ்டன் ரோவர்ஸ், சிவப்பு வெள்ளை. சல்லிவன் இரண்டுக்கும் ஆடியவர். இரண்டு பக்கமும் ஒரே மனிதரை மனதார ஏற்றுக்கொண்டது அபூர்வம். 1985-இல் நோயில் இறந்தபோது வயது 42தான்.

1980-இல் இந்த இரண்டு அணிகளே வெம்ப்ளி இறுதியில் மோதின. ஊரே காலியானது. நகரத்தைவிட்டு வெளியேறும் இந்தச் சாலையில் யாரோ ஒரு பலகை வைத்தார்கள்: 'கடைசியாகப் போகிறவர் தயவுசெய்து விளக்கை அணைத்துவிட்டுப் போகவும்.' ரோவர்ஸ் 10-5 என்று வென்றது. கேப்டன் ரோஜர் மில்வர்டுக்கு ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே தாடை உடைந்தது. உடைந்த தாடையோடு முழு ஆட்டமும் ஆடிவிட்டுப் போய்க் கோப்பையை வாங்கினார். அவர் போட்ட 6-ஆம் எண் சட்டையை ரோவர்ஸில் இனி யாரும் போடுவதில்லை.

2023 வரை ரோவர்ஸுக்கு அதுதான் கடைசி சேலஞ்ச் கப். 1985-க்கப்புறம் 2023 வரை பெரிய கோப்பை எதுவுமே இல்லை. 2015-இல் இறுதிவரை போய், லீட்ஸிடம் 50-0. டாம் பிரிஸ்கோ என்ற விங் ஆட்டக்காரர் தனியாளாக ஐந்து ட்ரை போட்டார். அவர் இப்போது லீ அணியில். நாளைக்கும் எதிரே நிற்கிறார். கிழக்கு ஹல் பஸ் ஸ்டாப்பில் சிவப்புச் சட்டை போட்டிருந்த அம்மாவிடம் அந்தப் பெயரைச் சொன்னேன். கையிலிருந்த பையை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றிக்கொண்டு, "மழை வரும் போலிருக்கிறது" என்றார்.

ஊர் நன்றாக இருக்கிறது. டெலிபோன் கூண்டுகள் இங்கே மட்டும் வெளிர்மஞ்சள் நிறம். மசித்த உருளைக்கிழங்கில் மூலிகை சேர்த்து மாவில் தோய்த்துப் பொரித்த பாட்டி என்ற பண்டம், மேலே மிளகாய்த்தூள் கலந்த 'சிப் ஸ்பைஸ்' உப்பு. இரண்டு வாங்கி லண்டன் ரயிலில் ஏறினேன். பெட்டி முழுக்கச் சிவப்பு.

ஆகஸ்ட் 12, சனி – வெம்ப்ளி

தங்கியது ஆல்பர்ட்டனில், நண்பர் வீட்டில். ஈலிங் ரோட்டில் புடவைக்கடை, நகைக்கடை, மரக்கறிக் கடை என்று குஜராத்திகளும் ஈழத்தமிழர்களும் நிறைந்த பகுதி. காலையில் நண்பரின் அம்மா இடியாப்பமும் சொதியும் வைத்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்தார். ஸ்டேடியம் வளைவு தெரியும் வீடு.

"தம்பி, இண்டைக்கு என்ன ஆட்டம்? வழமையா நீலச் சட்டை, சிவப்புச் சட்டை எண்டுதான் வருவினம். இவையென்ன புலித்தோல் போட்டுக்கொண்டு போகினம்?"

"புலி இல்லை அன்ரி, சிறுத்தை."

"என்னவோ. வெயிலுக்கு வேர்க்கப் போகுது."

மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து மைதானம் வரை போகும் அகலப்பாதையில் எல்லா அணியின் சட்டையும் இருந்தது. விகன், காஸில்ஃபோர்டு, விட்னஸ், ஃபெதர்ஸ்டோன். தன் அணி இறுதியில் இல்லாவிட்டாலும் வருடா வருடம் வந்துவிடுகிறவர்கள். இவர்களைப் பிரித்து உட்கார வைக்கவும் மாட்டார்கள். ரோவர்ஸ்காரர் பக்கத்தில் லீக்காரர், இருவர் கையிலும் பீர். கால்பந்து இறுதிக்கு இப்படி விட்டால் போலீஸ் தூங்க முடியாது.

காலையில் பெண்கள் இறுதி. வெம்ப்ளியில் பெண்கள் சேலஞ்ச் கப் இறுதி நடப்பது இதுவே முதல்முறை. செயின்ட் ஹெலன்ஸ் 22, லீட்ஸ் 8. செயின்ட் ஹெலன்ஸுக்குத் தொடர்ந்து மூன்றாவது கோப்பை.

மூன்று மணிக்குப் பெரிய ஆட்டம். அதற்குமுன், ஒரு பழைய கிறிஸ்தவப் பாடலைக் கூட்டமே பாடும். 1929-இல் தொடங்கிய வழக்கம். எனக்கு முன்வரிசையில் காதில் கடுக்கன் போட்ட முரட்டு ஆள் ஒருவர் வாய் திறக்காமல் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு: சடுகுடுவில் ரெய்டு போனவனை அமுக்கிப் பிடித்தால் அவன் அவுட். இங்கே பந்தோடு வந்தவனை அமுக்கினாலும் அவுட் இல்லை. எழுந்து, பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டிவிட்டு மறுபடி தொடங்கலாம். அப்படி ஆறு முறை. ஆறாவதிலும் அமுக்கிவிட்டால் பந்து எதிரணிக்கு. அதனால் ஐந்தாவது முடிந்ததும் பெரும்பாலும் தூர உதைத்துவிடுவார்கள். கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதித்தால் ட்ரை, 4 புள்ளி. அதற்கான கன்வெர்ஷன் உதை 2. பெனால்டி உதை 2. ஓட்டத்துக்கு நடுவே தரையில் விட்டு எழும்பும்போது உதைக்கும் டிராப் கோல் 1.

அந்த ஒற்றைப் புள்ளிதான் இன்று எல்லாம்.

அழகான ஆட்டம் என்று சொல்லமாட்டேன். இரண்டு அணிக்கும் பயம். பந்தை நழுவவிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆனால் லீயின் 7-ஆம் எண் லாக்லன் லாம் பந்தை வாங்கும்போதெல்லாம் ரோவர்ஸ் வரிசை அரை அடி தயங்கியது. அவர் அப்பா ஏட்ரியன் லாம்தான் பயிற்சியாளர். மகன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்கப்போகிறேன் கொடுக்கப்போகிறேன் என்று கண்ணாலேயே சொல்லிவிட்டுக் கொடுக்காமல் தானே புகுந்துவிடுகிறார். ஒரு ட்ரை அவருடையது.

கடைசி நிமிடங்களில் லீ 16-10. லீக்காரர்கள் பாட ஆரம்பித்துவிட்டார்கள். என் இடப்பக்கம் இருந்த ரோவர்ஸ் குடும்பத்தில் அப்பா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். மகள், பத்து வயதிருக்கும், உட்காரு என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அப்போதுதான் ரோவர்ஸின் மாட் பார்ஸல் கோட்டுக்குள் விழுந்தார். 16-14. கன்வெர்ஷன் உதைக்க பிராட் ஷ்னைடர். மூன்று வாரம் முன்பு அரையிறுதியில் விகனை 11-10 என்று டிராப் கோலில் வீழ்த்தியவர். மூன்று நாளுக்கு முன் வேக்ஃபீல்டில் நின்று வந்தவனுக்கு இந்த மாதிரி உதையைப் பார்க்க மனத்தெம்பு கிடையாது; குனிந்து என் ஷூவைப் பார்த்தேன். சத்தம் சொன்னது: 16-16.

கோல்டன் பாயிண்ட். கூடுதல் நேரத்தில் யார் முதலில் ஒரு புள்ளி எடுத்தாலும் அத்தோடு ஆட்டம் முடிந்தது. இத்தனை வருடத்தில் சேலஞ்ச் கப் இறுதி அப்படி முடிந்ததே இல்லை. பிறகு லாம். பந்து பின்னால் வந்தது, கையிலிருந்து விழுந்தது, காலில் பட்டது. பெரிய உதையெல்லாம் இல்லை. குறுக்குக் கட்டையைத் தாண்டிப் போனது. 17-16. அப்பா மைதான ஓரத்திலிருந்து ஓடிவந்தார். லான்ஸ் டாட் கோப்பையும் மகனுக்கே. 52 வருடம் கழித்து லீ அணிக்குக் கோப்பை.

அந்தப் பத்து வயதுப் பெண் அழவில்லை. அப்பாதான் அழுதார்.

ஒரு வயிற்றெரிச்சலையும் எழுதிவிடுகிறேன். கூட்டம் 58,213. வெம்ப்ளியில் 90,000 பேர் உட்காரலாம். முன்பெல்லாம் இறுதி, குளிர்கால சீசன் முடியும் மே மாதத்தில் வரும். 1996-இல் ஆட்டம் கோடைக்கு மாறியது. 2005 முதல் 2023 வரை கோப்பையும் பெரும்பாலும் ஆகஸ்டில். பாதிப்பேர் விடுமுறைக்கு ஸ்பெயின் போயிருக்கும் நேரம். போதாக்குறைக்கு அக்டோபரில் ஓல்ட் டிராஃபோர்டில் லீக்கின் கிராண்ட் ஃபைனல் வேறு. மே மாதத்துக்கே திருப்பிக்கொண்டு போனால் என்ன?

அதைவிடப் பெரியது பேட்லி. 1895 கப் இறுதியை பெரிய ஆட்டம் முடிந்தபின் வைத்தார்கள். சிறுத்தைகள் கொண்டாடப் போய்விட்டார்கள், சிவப்புச் சட்டைகள் ரயிலுக்கு ஓடிவிட்டார்கள். சிவப்பு இருக்கைகள் வெறிச்சென்று கிடக்க, ஒரு மூலையில் பேட்லிக்காரர்கள், இன்னொரு பக்கம் ஹாலிஃபாக்ஸின் நீலம். முதல் கோப்பையை வென்ற ஊர் கடைசியாக வெம்ப்ளிக்கு வந்தபோது துப்புரவுப் பணியாளர்கள் பிளாஸ்டிக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். முதலில் வைத்திருந்தால் மதியக் கூட்டமாவது பார்த்திருக்கும்.

ஆட்டம் என்னவோ மதிய ஆட்டத்துக்குக் கொஞ்சமும் குறையவில்லை. கீழ்ப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன், தடுக்க யாருமில்லை. அவ்வளவு கிட்டத்தில், ஆளை அமுக்கும் ஒரு டாக்கிளின் சத்தம் டிவியில் வராத சத்தம். முதலில் மூச்சு வெளியேறும் ஒலி, அப்புறம்தான் இடி. இந்த ஆட்டக்காரர்களில் பலர் வாரநாட்களில் வேறு வேலை பார்க்கிறவர்கள். 6 ஷில்லிங் விவகாரம் இவர்களுக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை. ஹாலிஃபாக்ஸ் 12, பேட்லி 10. இரண்டே புள்ளி. தோற்ற அணி சுற்றி வந்து கைதட்டியபோது, வென்ற அணியின் ஆட்களும் எழுந்து தட்டினார்கள்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு – யூஸ்டன், விகன்

லீட்ஸுக்கு நேரே போகலாம்தான். ஆனால் என் தோழரும் அவர் அப்பாவும் விகன் வழியாகப் போகிறார்கள் என்றதும் நானும் அந்த ரயிலில் ஏறிவிட்டேன். பெட்டியில் யாருக்கும் தொண்டை இல்லை. கிசுகிசுத்துத்தான் பேசினார்கள். ஒருவர் புள்ளிச் சட்டைக்கு மேலே கோட்டு போட்டுத் தூங்கினார். வால் மட்டும் இருக்கைக்கு வெளியே தொங்கியது.

தோழரின் அப்பா 1971-இலும் இதே பாதையில்தான் திரும்பினாராம். "அன்றைக்கு யாரும் வால் வைத்துக்கொள்ளவில்லை" என்றார்.

லீ ஊருக்கு ரயில் இல்லாததால் எல்லோரும் விகனில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். அதாவது, கோப்பையை வென்றுவிட்டு, பரம எதிரியின் ஊரில் நின்று, எதிரியின் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். 2023 வரை சேலஞ்ச் கப்பை விகன் 20 முறை வென்றிருந்தது, வேறெந்த அணியையும்விட அதிகம். 1988-இலிருந்து 1995 வரை மட்டும் தொடர்ந்து எட்டு முறை. பஸ் வந்தது. புள்ளிக்கூட்டம் ஏற ஏற ஓட்டுநர் ஒவ்வொருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"மூன்றாவது கோப்பைதானே? அதற்கா இவ்வளவு ஆட்டம்?"

தோழரின் அப்பா காசை எண்ணித் தட்டில் வைத்தார். "20 இருக்கிறதல்லவா உங்களிடம்? ஒன்றை விற்றுவிட்டு இந்த பஸ்ஸுக்கு நல்ல சீட்டு வாங்கிப் போடுங்கள்" என்றார்.

ஓட்டுநர் சிரித்தபடி கதவைச் சாத்தினார். அடுத்த வருடக் கோப்பையின் முதல் சுற்று குளிர்காலத்திலேயே தொடங்கிவிடும். அமெச்சூர் அணிகள், சேற்று மைதானங்கள், டிக்கெட்டே இல்லாத ஆட்டங்கள். குலுக்கல் வந்ததும் லீட்ஸுக்குப் பக்கத்தில் எது விழுகிறது என்று பார்க்க வேண்டும்.